சென்டர் சாபோவின் இருபத்து நான்கு வார்த்தைகள்

ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. ஜனவரியில் டொலீடோ ஹெரன்ஸ் என்ற எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டங்கள் இப்படி முடிந்ததும், எங்கள் ஊரில் தேவைப் பட்டியல் எழுதும் காலம் தொடங்கியது. அணிக்கு யார் தேவை, யார் தேவையில்லை என்று பத்திரிகை எழுதும், வானொலி வாதிடும், ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர்கள் முடிவு செய்வார்கள். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் வரும்வரை, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் அந்த மூன்று நாட்கள் வரும்வரை, இங்கே வேறு பேச்சு கிடையாது.

அந்த வருடம் எல்லாப் பட்டியலிலும் முதல் வரி ஒன்றுதான்: சென்டர்.

சென்டர் வரிசையின் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனிடம், கொடுப்பவன். கொடுத்த கையை எடுப்பதற்குள் நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் அவன் மேல் வந்து மோதுவான். அதற்கும் முன்னால், எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, ஒரு வார்த்தையைச் சத்தமாகக் கத்த வேண்டியதும் அவன்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்து வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் யார் யாரைத் தடுப்பது என்று புரிந்துகொள்வார்கள். ஹெரன்ஸ் அணியில் பதினோரு வருடமாகக் குனிந்தும் கத்தியும் வந்தவன் லைல் சாபோ. வயது முப்பத்து நான்கு. இடது முழங்காலில் மூன்று முறை கத்தி வைத்தாகிவிட்டது.

அவனுக்குப் பதில் ஆள் வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்ல ஊரில் யாருக்கும் கூச்சம் இல்லை. முடி வெட்டுகிறவர் அவன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ தங்கமான ஆளு லைல். உன்ன மாதிரி ஒருத்தன் இனிமே வரமாட்டான். ஆனா ரெண்டாவது ரவுண்டுல அவங்க ஒரு சென்டர எடுக்கலன்னா, நானே போய் ஆபீஸ் கண்ணாடிய உடைப்பேன்."

"அப்ப நான் எங்க போறது?"

"அதான, நீ எங்க போவ?" என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். "தலையக் கொஞ்சம் குனி."

லைலின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. ஆனால் ஜூன் முதல் தேதிக்குள் அவனை நீக்கினால் கிளப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டிராஃப்டில் நல்ல சென்டர் ஒருவன் கிடைத்துவிட்டால், அந்த வாரமே லைலுக்குத் தொலைபேசி வரும். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வருடம். ஆட்டத்தை விட்ட பிறகு என்ன செய்வது என்று அவன் யோசித்து வைக்காமல் இல்லை. யோசித்ததில் எதுவும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிராஃப்டுக்கு முன்னால் ஒவ்வொரு அணியும் முப்பது கல்லூரி ஆட்டக்காரர்களைத் தன் ஊருக்கு அழைத்துப் பார்க்கலாம். காலையில் மருத்துவச் சோதனை, பயிற்சியாளருடன் கேள்வி பதில். அதற்கு முந்தைய மாலை, அதே இடத்தில் ஆடும் மூத்த ஆட்டக்காரன் ஒருவன் வந்தவனை வெளியே சாப்பிட அழைத்துப் போக வேண்டும்; போய் வந்ததும் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்கு மனித சுபாவத்தைப் பற்றி எண்ணிப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோது லைலின் மனைவி மார்னி சமையலறையில் இருந்தாள். பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பிறர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தான் மட்டும் பேசிப் பழகியவள்.

"அதாவது, உன்னக் குழியில தள்ள வர்றவனுக்கு நீயே சாப்பாடு வாங்கித் தரணும்."

"கிளப் செலவுலதான்."

"மொத்தம் எத்தன பேரு?"

"மூணு பேரு."

"அப்ப நானும் வர்றேன். மூணு நாள் சமைக்க வேண்டாம்."

முதல் இருவரால் லைலுக்குத் தூக்கம் கெடவில்லை. ஆரிகனிலிருந்து வந்தவன் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதைப் பார்த்தே பதில் சொன்னான். அயோவாக்காரன் மிளகாய் ஊறுகாயைக் கடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனவன், பில் வரும் வரையில் திரும்பவில்லை. இருவரைப் பற்றியும் லைல் மனம் திறந்து எழுதிக் கொடுத்தான். ஆரிகன் பையன் பிறவித் தலைவன். அயோவாக்காரன் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த சென்டர். தாமதிக்காமல் முதல் ரவுண்டிலேயே எடுத்துவிட வேண்டும். அணியின் பொது மேலாளர் கோர்டெல் பிரைஸ் இரண்டு தாளையும் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டார்.

மூன்றாவது ஆள் ஓடிஸ் பெட்டிக்ரூ. மிசிசிப்பிக்காரன், இருபத்திரண்டு வயது.

ஆற்றுக்குக் கிழக்கே ஹங்கேரிக்காரர்கள் குடியேறிய தெருவில் கோவாச் உணவகம். மாலை ஐந்தரைக்கே கூட்டம் இருந்தது. ஓடிஸ் கதவில் இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். மார்னி உட்காரும்வரை உட்காரவில்லை. மூன்று தட்டு பாப்ரிகாஷ் கோழிக் குழம்பு சாப்பிட்டான். ஒவ்வொரு தட்டு வந்தபோதும் பரிமாறிய பெண்ணுக்கு நன்றி சொன்னான்.

"வீட்டுல எத்தன பேருப்பா?" என்று கேட்டாள் மார்னி.

"ஏழு பேரு மேடம். நான் நாலாவது."

"உங்கம்மா எல்லாருக்கும் எப்படித்தான் சமைக்கிறாங்க?"

"அம்மா சமைக்க மாட்டாங்க மேடம். ஸ்கூல் பஸ் ஓட்டுறாங்க. அப்பாதான் சமையல்."

மார்னிக்கு அவனைப் பிடித்துவிட்டது. லைல் அதைக் கவனித்துவிட்டு அவளைப் பார்த்து முறைத்தான். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

தட்டுகளை எடுத்துப் போன பிறகு ஓடிஸ் உப்புக் குடுவையையும் மிளகுக் குடுவையையும் நகர்த்தி, நடுவில் ஒரு கரண்டியை வைத்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? போன டிசம்பர்ல ஈரி டீமோட ஆடினீங்கல்ல, மூணாவது கால் பகுதியில நீங்க ஒரு வார்த்தை கத்தினீங்க. எல்லாரும் நகந்தாங்க. உங்க இடது பக்கத்து ஆளு மட்டும் நகரல. குவார்ட்டர்பேக் விழுந்துட்டார். மறுநாள் பேப்பர்ல எல்லாம் உங்க மேல தப்புன்னு போட்டிருந்துது. ஆனா நீங்க சரியாத்தானே கத்தினீங்க?"

லைல் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அந்த ஆட்டத்தை ஊரில் அறுபதாயிரம் பேர் நேரில் பார்த்தார்கள். நான்கு மாதமாக அவனை அதற்காகத் திட்டாத ஆள் இல்லை. அவன் சரியாகத்தான் கத்தினான் என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இந்தப் பையன் எண்ணூறு மைலுக்கு அப்பால் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் மனதில் கணக்குப் போட்டு முடித்திருந்தான்: இவன் நாளைக் காலை அரை மணி நேரம் பயிற்சியாளர் ப்ரன்னருடன் பேசினால் போதும். ஜூன் வரைக்கும்கூட நமக்கு வேலை இருக்காது.

"தம்பி, நாளைக்கு ப்ரன்னர் கோச் உன்ன போர்டு முன்னாடி நிறுத்துவார் தெரியுமா?"

"சொன்னாங்க சார். ஒரு ஆட்டத்த வரையச் சொல்வாராம்."

"வரையறது எல்லாரும் வரைவாங்க. நம்ம வார்த்தைங்கள சொல்லி வரைஞ்சன்னு வை, மனுஷன் அசந்துடுவார். வேணும்னா நான் சொல்லித் தர்றேன்."

மேசைக்கடியில் மார்னியின் கால் அவன் முழங்காலில் பட்டது, மூன்று முறை கத்தி வைத்த அதே முழங்காலில்.

"நிஜமாவா சார்? ஆனா உங்க வார்த்தை சிலது எனக்குத் தெரியும். டிவியில மைக் பக்கத்துல இருந்தா கேக்கும்."

"அது போன வருஷத்துச் சரக்கு. எல்லாத்தையும் குப்பையில போட்டாச்சு. இது புதுசு. இன்னும் யார் காதுலயும் விழல."

அது ஒன்றுதான் உண்மை. அந்த வார்த்தைகள் லைலின் காதிலேகூட இன்னும் விழவில்லை. அவன் சுவரைப் பார்த்தான், உணவுப் பட்டியலைப் பார்த்தான், மார்னியைப் பார்த்தான், ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"குலாஷ்னா எல்லாரும் வலப்பக்கம் சாயணும். ஊறுகாய்னா இடப்பக்கம். அக்கார்டியன்னா நடுவுல ரெண்டு பேரு சேந்து ஒருத்தன மறிக்கணும். பீட்ரூட்னா பின்னாடி நிக்கிறவன் முன்னாடி வரணும்."

"சரி சார்."

"மார்கிட்னா வெளிப்பக்கம் வர்றவன விட்டுடு. இலோனா, பிரோஷ்கா…"

"அதெல்லாம் எங்க அத்தைங்க பேரு," என்றாள் மார்னி.

"அதான் பாதுகாப்பு. யாருக்கும் சந்தேகம் வராது."

இருபத்து நான்கு வார்த்தைகள் வந்தன. கடைசியில் சுவரில் மாட்டியிருந்த புனிதர் படமும் கடிகாரமும்கூட வார்த்தைகளாகிவிட்டன. ஓடிஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"எழுதிக்க வேண்டாமா?" என்றான் லைல்.

"வேண்டாம் சார்."

லைல் திருப்தியோடு இனிப்புக்கு ஆப்பிள் ஸ்ட்ரூடல் சொன்னான். எழுதாதவன் பாதியை மறந்துவிடுவான். மறக்காத பாதியைப் போர்டில் சொல்லி ப்ரன்னரிடம் பைத்தியக்காரப் பட்டம் வாங்குவான்.

காரில் வீடு திரும்பும்போது, பாலம் தாண்டியதும் மார்னி கேட்டாள்.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்தானா?"

"ஜூனுக்கப்புறம் மொத்தமா வெக்கப்பட்டுக்கறேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வரிசைப் பயிற்சியாளர் ப்ரன்னர் ஓடிஸின் கையில் பேனாவைக் கொடுத்தார். பிரைஸ் மூலையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஓடிஸ் போர்டில் பதினொரு வட்டம் போட்டான். எதிரணி இப்படி நின்றால் குலாஷ் என்றான். அவர்களில் ஒருவன் முன்னால் வந்தால் ஊறுகாய் என்றான். இரண்டு பேர் வந்தால் அக்கார்டியன். அப்போது மார்கிட் அத்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ப்ரன்னர் வாயைத் திறந்தார். பிரைஸ் தன் ஷூவால் அவருடைய ஷூவை மிதித்தார். ப்ரன்னர் வாயை மூடிக்கொண்டார்.

ஓடிஸ் இருபத்து நான்கையும் ஒரு இடத்திலும் தயங்காமல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பேரும் எந்தப் பக்கம் காலை வைக்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லி முடித்தான்.

"இத எப்ப கத்துக்கிட்ட?" என்று பிரைஸ் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் சார். சாப்பாட்டுக்கும் ஸ்ட்ரூடலுக்கும் நடுவுல."

"எழுதி வச்சுக்கிட்டியா?"

"இல்ல சார். எங்க சர்ச்சுல வேத வசனப் போட்டி வைப்பாங்க. மாநில அளவுல ரெண்டு தடவ ஜெயிச்சிருக்கேன். ஒரு தடவ கேட்டாப் போதும்."

"ரொம்ப நல்லது தம்பி," என்றார் பிரைஸ்.

ஓடிஸ் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினான். கதவு மூடியதும் ப்ரன்னர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரைஸ் சிரிக்கவில்லை. பெயர்கள் ஒட்டியிருக்கும் பெரிய பலகையின் முன்னால் போய் நின்றார். ஓடிஸ் பெட்டிக்ரூ என்ற காந்தப் பட்டையைப் பிய்த்து எடுத்து, பதினான்கு பெயர்களுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். பயிற்சியாளர்கள் ஒரு வருடம் சொல்லியும் தலையில் ஏறாத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஐந்து வெற்றி பெற்றவர் அவர். ஒரே மாலையில் இருபத்து நான்கு பொய்யைப் பிசகாமல் கற்ற ஒருவனை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

அன்று மதியமே லைலைக் கூப்பிட்டுவிட்டார்.

"மார்கிட் யாரு?" என்று கேட்டார்.

லைல் ஒரு கணம் யோசித்தான். பதினோரு வருடம் எதிரணியைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்துப் பழகியவன்.

"பையன் இங்கேருந்து எங்க போறான் தெரியுமா பாஸ்?"

"ஈரிக்கு. நாளைக்கு."

"அதான். நம்ம நிஜ வார்த்தைய சொல்லிக் குடுத்து அனுப்பினா, அவன் நாளைக்கே அங்க போய் ஒப்பிச்சிருப்பான். நான் கிளப்பக் காப்பாத்தியிருக்கேன்."

"நிஜ வார்த்தைய சொல்லுன்னு உன்ன யார் கேட்டா? சும்மா சாப்பாடு வாங்கிக் குடுக்கத்தானே சொன்னோம்."

"அவன் ரொம்ப ஆர்வமா இருந்தான் பாஸ். மனசு கேக்கல."

பிரைஸ் இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு தாள்களை வெளியே எடுத்தார்.

"அயோவாக்காரன் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த சென்டர்," என்று வாசித்தார். "பெட்டிக்ரூவப் பத்தி நீ இன்னும் எழுதிக் குடுக்கல."

லைல் அங்கேயே நின்றபடி எழுதினான். ஓடிஸ் பெட்டிக்ரூ: சுமார். அதிகம் சாப்பிடுகிறான்.

பிரைஸ் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நன்றி லைல். ரொம்ப உபயோகமான அறிக்கை. ரெண்டாவது ரவுண்டுல இவனத்தான் எடுக்கப் போறேன்."

தன் சொந்தக் குழியை இவ்வளவு சிரத்தையாக வெட்டியவன் வேறு யாரும் இல்லை என்று மார்னி அன்று மாலை சொன்னாள். அவன் புல் வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். ஏப்ரல் மாதம், புல் இன்னும் முளைத்திருக்கவில்லை.

டிராஃப்டின் இரண்டாவது ரவுண்டு வெள்ளிக்கிழமை. ஊரே தொலைக்காட்சி முன்னால் இருந்தது. முடி வெட்டுகிறவர் கடையை மூடிவிட்டு வாசலில் கொடி கட்டியிருந்தார். லைல் தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தான். ஹெரன்ஸின் முறை வர இன்னும் இரண்டு பெயர் மிச்சம் இருந்தது. மேடையில் ஒருவர் வந்து சீட்டைப் பிரித்துப் படித்தார். ஈரி அணி தேர்ந்தெடுத்தது: சென்டர், மிசிசிப்பி, ஓடிஸ் பெட்டிக்ரூ.

முடி வெட்டுகிறவர் கடை வாசலில் நின்று திட்டியது ஆற்றின் மறுகரைக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். லைல் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான்.

"அழறியா, சிரிக்கறியா?" என்று மார்னி கேட்டாள்.

"எனக்கே தெரியல."

பிரைஸ் தன் முறைக்குப் பின்கள ஆட்டக்காரன் ஒருவனை எடுத்தார். மூன்றாவது ரவுண்டில் அயோவாக்காரன் இன்னும் மிச்சம் இருந்தான். பிரைஸ் அவனை எடுக்கவில்லை. ஆனால் அதனால் லைலின் வேலை நிலைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மே மாதம் வேறு அணிகள் கழித்துவிட்ட மூத்த சென்டர்கள் மலிவாகக் கிடைக்கும் மாதம். டென்வரிலிருந்து ஒருவன் வந்து மருத்துவச் சோதனைக்குப் போனதைப் பத்திரிகை எழுதியது. அவன் வயது இருபத்தொன்பது. அவனுடைய இரண்டு முழங்காலும் அவன் பிறந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

மே இருபதாம் தேதி பிரைஸ் லைலைக் கூப்பிட்டார். மேசையின் இடப்பக்கம் டென்வர்க்காரனின் ஒப்பந்தம் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. வலப்பக்கம் லைலின் நீக்க உத்தரவு. அதிலும் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ரெண்டுல எதப் போடறதுன்னு யோசிக்கல. ரெண்டையும் போடணும்னு இருந்தேன்," என்றார். "காலையில ப்ரன்னர் வந்து ஒண்ணு சொன்னார். அதுக்கப்புறம் யோசிக்கறேன்."

"என்ன சொன்னார்?"

"பெட்டிக்ரூ ஈரியில இருக்கான். போன உடனே அங்க என்ன கேட்டிருப்பாங்க? டொலீடோல என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டிருப்பாங்க. எல்லா அணியும் கேக்கும். நானும் கேப்பேன். அவன் இருபத்து நாலையும் ஒப்பிச்சிருப்பான். அவங்க எழுதி வச்சிருப்பாங்க."

லைலுக்கு மெல்லப் புரிந்தது.

"செப்டம்பர் கடைசியில ஈரியோட ஆட்டம்," என்று பிரைஸ் தொடர்ந்தார். "அன்னிக்கு நீ குலாஷ்னு கத்தற. அவங்க நம்ம ஆளுங்க வலப்பக்கம் சாய்வாங்கன்னு நினைச்சு ஓடுவாங்க. நம்ம ஆளுங்க இடப்பக்கம் சாய்வாங்க. இருபத்து நாலுக்கும் அப்படியே, நீ சொன்னதுக்கு நேர் எதிரா. ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்புறம் அவங்க சுதாரிச்சுப்பாங்க. ஆனா ஒரு ஆட்டம் போதும்."

"நல்ல யோசனை பாஸ்."

"ஆனா அதுக்கு நீ அவன்கிட்ட சொன்னது அட்சரம் பிசகாம வேணும். எந்த வார்த்தை, எந்தப் பக்கம். ஒண்ணு மாறினாலும் நம்ம குவார்ட்டர்பேக் ஆஸ்பத்திரிக்குப் போவான். நான் அன்னிக்கு நாலஞ்சுதான் மனசுல வச்சேன், போர்டையும் அழிச்சிட்டாங்க. டென்வர்க்காரனுக்கு அது தெரியாது. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என்ன பாஸ் இப்படிக் கேட்டுட்டீங்க?" என்றான் லைல். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அப்ப சொல்லு."

"எழுதியே கொண்டு வர்றேன். ஒவ்வொண்ணுக்கும் படம் போட்டு. நாளைக்குக் காலையில."

பிரைஸ் இரண்டு தாளையும் கவிழ்த்து வைத்தார்.

லைல் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வார்த்தைகள் வந்தன. அதில் நான்குக்கு அர்த்தம் நினைவில்லை. புனிதர் எந்தப் பக்கம் சாயச் சொன்னார், கடிகாரம் ஏன் வந்தது, ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருடத்து நிஜ வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பத்து நிமிடத்தில் கட்டிய பொய்கள் எங்கோ போயிருந்தன.

மார்னி வேலையிலிருந்து வந்ததும் அவளிடம் தாளை நீட்டினான்.

"நீயும் இருந்தியே அங்க. என்ன சொன்னேன்?"

"எங்க அத்தைங்க பேர் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. மார்கிட், வெளிப்பக்கம் வர்றவன விட்டுடணும். இலோனா, இடப்பக்கம் திரும்பணும். பிரோஷ்காவ ஏதோ மட்டமா சொன்ன, அத நான் மறக்கறதா இல்ல."

"மத்தது?"

"அப்ப நான் உன்ன உதைக்கறதுல கவனமா இருந்தேன்."

லைல் பென்சிலைக் கீழே வைத்தான். உலகத்தில் அந்த இருபத்து நான்கு வார்த்தையும் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் எண் கைப்பேசியில் இருந்தது. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி அனுப்பிய செய்தியோடு.

"நீ கூப்பிடப் போறதில்ல," என்றாள் மார்னி.

அவன் எண்ணைத் தட்டிவிட்டான்.

"சார்," என்றது ஓடிஸின் குரல், சந்தோஷமாகவே. "நல்லா இருக்கீங்களா? மேடம் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. வாழ்த்து சொல்லலாம்னு கூப்பிட்டேன் தம்பி. ஈரி எப்படி இருக்கு?"

"குளிருது சார். மீன் நல்லாருக்கு."

"அங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்களா? கேள்வி கேட்டுத் தொந்தரவு ஒண்ணும் பண்ணலயே?"

"கேட்டாங்க சார். நீங்க சொல்லிக் குடுத்ததக் கேட்டாங்க."

"சொன்னியா?"

"முதலாளி கேட்டா சொல்லணுமே சார். மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல, பரவால்ல," என்று லைல் அவசரமாகச் சொன்னான். "உன் கடமை அது. நான் கூப்பிட்டது வேற விஷயம். மார்னி ஒரே கோவமா இருக்கா. அன்னிக்கு அவ அத்தைங்க பேரையெல்லாம் எப்படி உபயோகிச்சேன்னு தினம் சண்ட. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ கொஞ்சம் சொன்னேன்னா…"

"அத்தைங்க பேர் மட்டுமா சார், எல்லாமா?"

லைல் மார்னியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிடேன். அவ நம்பணும்ல."

மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. போர்டு முன்னால் ஒரு முறைகூடத் தயங்காத பையன் அவன். பிறகு தெளிவாக, நிதானமாக, எழுதிக்கொள்ள அவகாசம் விட்டு, ஒன்று முதல் இருபத்து நான்கு வரை சொன்னான். குலாஷ் வந்தது, ஊறுகாய் வந்தது, புனிதரும் கடிகாரமும் வந்தன. லைலின் பென்சில் முனை உடைந்தது. மார்னி வேறு பென்சில் கொடுத்தாள்.

"அவ்வளவுதான் சார். மேடம்கிட்ட நான் விசாரிச்சதா சொல்லுங்க. செப்டம்பர்ல பாக்கலாம்."

லைல் கைப்பேசியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மார்னி தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். பதினேழாவது வரியில் விரலை வைத்தாள்.

"இலோனா அத்தை வலப்பக்கம்னு போட்டிருக்கு."

"அவன் அப்படித்தான் சொன்னான்."

"நீ அன்னிக்கு இடப்பக்கம்னு சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அத்தைக்கு இடது காதுதான் கேக்கும். அதனாலதான் நீ அப்படிச் சொல்றேன்னு நினைச்சு நான் மறுபடி உதைச்சேன்."

"அவன் மறக்க மாட்டான் மார்னி. வேத வசனத்துலயே ஜெயிச்சவன்."

"மறந்தான்னு நான் சொல்லலயே."

லைல் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். இருபத்து நான்கு வார்த்தையும் பொய். அது அவனுக்குத் தெரியும். அவை யாருடைய பொய் என்பதுதான் இப்போது தெரியவில்லை. பிரைஸிடம் உண்மையைச் சொல்லலாம்: எனக்கு மறந்துவிட்டது, ஈரி ஆளிடமே கேட்டு எழுதினேன், அதிலும் ஒன்று உதைக்கிறது. சொன்னால் டென்வர்க்காரன் மறுநாளே வீடு பார்க்க வந்துவிடுவான்.

காலையில் நல்ல தாளில் படம் போட்டு, பிழை இல்லாமல் எழுதி எடுத்துக்கொண்டு போனான். பதினேழாவது இடத்தில் கொஞ்சநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, வலப்பக்கம் என்றே எழுதினான்.

பிரைஸ் முழுவதையும் இரண்டு முறை படித்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா பாஸ்."

"எது மேல சத்தியம் பண்ணுவ?"

"எங்க வீட்டு அத்தைங்க மூணு பேர் மேலயும்."

பிரைஸ் டென்வர்க்காரனின் ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்தார். நீக்க உத்தரவையும் கிழித்தார். ஒரு பருவம், பன்னிரண்டாவது பருவம், லைல் சாபோ டொலீடோ ஹெரன்ஸின் சென்டர். மறுநாள் முடி வெட்டுகிறவர் பத்திரிகையைப் படித்துவிட்டு, நாசமாகப் போன கிளப் என்று சொல்லி, லைலுக்கு இலவசமாக முகச்சவரம் செய்து அனுப்பினார்.

அந்தக் கோடை முழுக்க, வேலை முடிந்து வந்ததும் மார்னி தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் கேள்வி கேட்டாள். அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"குலாஷ்?"

"வலப்பக்கம்."

"பீட்ரூட்?"

"பின்னாடி நிக்கிறவன் முன்னாடி வரணும்."

"இலோனா?"

"வலப்பக்கம்."

"இடப்பக்கம்."

"தாள்ல என்ன இருக்கு?"

"தாள்ல வலப்பக்கம்தான் இருக்கு," என்றாள் மார்னி. "நான் அத்தையச் சொன்னேன்."

லைல் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தான். இரண்டில் எது என்று செப்டம்பர் கடைசியில் தெரிந்துவிடும். அதுவரைக்கும் அவனுக்கு வேலை இருந்தது.